தக்காளியின் ருசி எங்கே போனது? தம்புள்ளைச் சந்தி வரை ஒரு தேடல்



மாத்தளைக்கு ரயில் வந்த கதையை எழுதியதன் பிறகு ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "சேர், ரயில் இருக்கட்டும். ஆறு தக்காளி வெட்டிப் போட்டாலும் ஆணத்துல ஒரு ருசியுமில்ல. அதுக்கும் ஒரு வரலாறு இருக்குமா?"

அவர் விளையாட்டாகக் கேட்டிருக்கலாம். ஆனால் நாட்டின் மிகப் பெரிய மரக்கறி மொத்தச் சந்தை நமது மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ருசியான ஒரு தக்காளியைத் தேடி அலைகிறோம் என்றால், அதற்கு வரலாறு இல்லாமல் எப்படி? இருக்கிறது. அதில் நம் சமூகத்தின் கதையும் கலந்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். தேநீர் ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் சந்தையிலிருந்து வந்த மரக்கறிப் பையைக் கொட்டிப் பார்ப்போம். கோவா, போஞ்சி, மிளகாய், தக்காளி. கோவா என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். போஞ்சி ஒல்லாந்தருடையது. சிங்கள அயலவர்கள் உருளைக்கிழங்குக்குச் சொல்லும் 'அர்த்தாபல்' கூட ஒல்லாந்தச் சொல்தான், 'மண் ஆப்பிள்' என்று அதற்குப் பொருள். கரட், பீட்றூட், லீக்ஸ் ஆகியவை ஆங்கிலேயரோடு வந்த பெயர்கள். 1848 இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் இங்கிலாந்து மாதிரிப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அந்தக் காலத்தில்தான் மேலைநாட்டு மரக்கறி நம் மலைகளில் வேர் பிடித்தது. இன்று நாம் 'மலைநாட்டு மரக்கறி' என்று உரிமையோடு சொல்வதன் வயது அவ்வளவுதான்.

மிளகாய்க்குப் பெயர் வைத்த விதம் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய் அது. அதற்கு முன் நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகு. உறைப்பாக ஒரு காய் வந்ததும் மிளகின் பெயரையே அதற்கும் கொடுத்துவிட்டார்கள். மிளகுக் கொடி ஏறாத மரமில்லாத உக்குவெல, இரத்தோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தக்காளியும் அதே கண்டத்துச் சரக்குதான். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் காடாக வளர்ந்தது. மெக்சிக்கோவில் பயிராகி, 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு ஐரோப்பா போனது. பிறகுதான் நம் பக்கம் வந்தது. ஆனால் வந்த இடத்தில் அதற்கு அந்நியப் பெயர் ஒட்டவில்லை. நம் வேலியோரத்தில் வளரும் மணத்தக்காளி இருக்கிறதல்லவா, மிளகளவு கறுத்த பழம் காய்க்கும் செடி, அதன் சொந்தக்காரன் என்று கண்டு தக்காளி என்றே அழைத்தார்கள். தமிழகத்தில் முந்திய தலைமுறையினர் 'சீமைத் தக்காளி' என்பார்கள். சிங்களத்தில் 'தக்காலி' என்பதும் நம்மிடமிருந்து போனதுதான். ஒரே குடும்பத்துச் செடி என்று பிற்காலத் தாவரவியல் சொன்னதை, பெயர் வைத்த ஆட்கள் இலையையும் பூவையும் பார்த்தே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ஆக, தக்காளி நம் அடுப்படிக்குப் பிந்தி வந்த விருந்தாளி. அதற்கு முன் புளிப்புக்கு நம்மிடம் கொறக்கா இருந்தது, பழப்புளி இருந்தது, தேசிக்காய் இருந்தது. மாத்தளையின் ஈரமான மலைப் பகுதிகளில் கொறக்கா தோட்டத்து மரம். வரண்ட வடக்குப் பக்கம் புளியமரம். நமது உம்மும்மாமார் தக்காளி இல்லாமலே மீன் ஆணம் காய்ச்சத் தெரிந்தவர்கள். இன்று தக்காளி கிலோ ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்கு ஏறும்போது நாம் பதறுவதைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள்.

இனி வீதிக் கதை. நம் பக்கம் பழைய ஆட்களிடம் கேட்டால் தவளம் பற்றிச் சொல்வார்கள். பொதிமாடுகளின் முதுகில் சரக்கேற்றி, கடற்கரைக்கும் மலைக்கும் இடையில் நடந்த வியாபாரம். கண்டி மன்னர்களின் காலத்தில் போக்குவரத்துக்கென்று 'மடிகே' என்ற தனிப் பிரிவே இருந்தது, அதில் பெரும்பங்கு முஸ்லிம்கள் என்பதைப் பேராசிரியர் லோர்னா தேவராஜா தமது ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். உப்பும் கருவாடும் புடவையும் மலைக்கு ஏறின. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. மலையில் விளையாத ஒரே பொருள் உப்பு என்று சொல்வார்கள், ஆகவே உப்புக் கொண்டுவந்தவனுக்கு எந்த ஊரிலும் மரியாதை இருந்தது.

அந்தப் பொதியில் என்னென்ன இருந்தன என்று இன்னொரு தடவை பாருங்கள். எல்லாம் காய்ந்த சாமான். கிழமைக்கணக்கில் நடந்தாலும் கெடாதவை. பச்சை மரக்கறிக்கு அங்கே இடமில்லை. காய்கறியும் கீரையும் பழமும் விளைந்த ஊரிலேயே தின்று முடிந்தன. தூரத்துச் சரக்கு வேறு, வீட்டுத் தோட்டத்துச் சாப்பாடு வேறு. இந்தப் பிரிவினையை மனதில் வையுங்கள், தக்காளியின் கதை முழுதும் இதில்தான் தொங்குகிறது.

கோப்பிக் காலத்தில் வடக்கு வீதி வேறொரு பயணத்தைப் பார்த்தது. மன்னார்ப் பக்கம் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே பசியிலும் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எல்கடுவையிலும் இரத்தோட்டைத் தோட்டங்களிலும் லயத்துக்குப் பக்கத்தில் இத்தனை அடி நிலத்தில் கீரையும் கத்தரியும் தக்காளியும் போடுகிறார்கள். அந்தத் துண்டு நிலத்துக்கு அவர்களிடம் உறுதி கிடையாது என்பது தனிக் கதை, தனிப் பதிவு. ஆனால் அந்தத் துண்டிலிருந்து வரும் தக்காளி எப்படியிருக்கும் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும்.

1880 இல் ரயில் வந்தது. அது ஏற்றியதும் பெரும்பாலும் காய்ந்த சரக்குதான்: கோப்பி, பிறகு தேயிலை, கொக்கோ, மிளகு. மாத்தளை நகரம் பெருத்தது. மரக்கறி இன்னும் ஊரோடுதான் இருந்தது.

திருப்பம் 1976 இல் வந்தது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்து, தண்ணீரை உக்குவெல மின் நிலையத்துக்குக் கொண்டுவந்து சுது கங்கையில் விட்டார்கள். சுது கங்கையிலிருந்து அம்பன் கங்கை, போவதென்ன, அங்கிருந்து இன்னொரு சுரங்கம் வழியாகத் தம்புள்ளைப் பக்கம், கலாவெவ வரைக்கும். நமது ஊர் ஆற்றில் ஓடும் தண்ணீரில் கண்டித் தண்ணீர் பாதி என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வரைபடத்தைக் காட்டித்தான் நம்பவைக்க வேண்டியிருக்கிறது. மழையை நம்பிச் சேனை போட்ட வரண்ட வடபகுதிக்குச் சிறுபோகத்திலும் தண்ணீர் கிடைத்தது. நெல்லுக்குப் போதாத இடங்களில் பெரிய வெங்காயமும் மிளகாயும் தக்காளியும் வயலுக்குள் இறங்கின. தம்புள்ளை, கலேவெல என்றால் பெரிய வெங்காயம் என்று நாடறிந்தது இதன் பிறகுதான்.

விளைச்சல் பெருகினால் விற்க வேண்டும். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் தம்புள்ளை. இதைவிட வாய்ப்பான சந்தி நாட்டில் இல்லை. 1999 இல் அங்கே விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டது. நுவரெலியாவிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் மலைநாட்டு மரக்கறி இறங்குகிறது. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் லொறி வருகிறது. இரவில் அந்தப் பக்கம் பயணம் போனவர்களுக்குத் தெரியும், ஊர் உறங்கும் நேரத்தில் அங்கே பகல். சிங்கள விவசாயி, தமிழ் நாட்டாமை, முஸ்லிம் லொறிக்காரர், மூவரும் மூன்று மொழியையும் கலந்து விலை பேசுவதைக் கேட்க வேண்டும். தவளம் ஓட்டிய பரம்பரையில் எத்தனை பேர் இன்று மரக்கறி லொறி ஓட்டுகிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள், உங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருப்பார்கள்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சந்தை இல்லாவிட்டால் மன்னாரில் லீக்ஸ் இல்லை, நுவரெலியாவில் மாம்பழம் இல்லை. ஆனால் அதோடு ஒன்று நடந்தது. பச்சை மரக்கறியும் தூரத்துச் சரக்கானது. பாக்கும் மிளகும் போன அதே வழியில் தக்காளியும் போக வேண்டியிருந்தது. தக்காளி பாக்கு அல்ல.

ஒரு தக்காளியின் ருசி மூன்றால் ஆனது: இனிப்பு, புளிப்பு, வாசனை. இனிப்பு இலையிலிருந்து இறங்கி வருவது. காய் செடியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அது கூடும். பறித்துவிட்டால் வரவு நிற்கிறது. நிறம் மட்டும் நிற்காது. முற்றிய காயைப் பச்சையாகவோ இலேசாக நிறம் திரும்பும்போதோ பறித்துப் பெட்டியில் அடுக்கினால், அது தானே எதிலீன் வாயுவை விட்டுத் தானே சிவக்கும். தம்புள்ளையில் ஏற்றும்போது வெளிறியிருந்தது கொழும்பில் இறக்கும்போது சிவப்பாக இருக்கும். கண்ணுக்குப் பழம், நாக்குக்குக் காய். விவசாயியையும் குறை சொல்ல முடியாது. செடியிலேயே பழுத்ததை மரப்பெட்டியில் அடுக்கி, பெட்டிமேல் பெட்டி ஏற்றி, பள்ளம் மேட்டில் ஓட்டினால் இறக்கும்போது அது ஆணமாகவே இருக்கும்!

நம் நாட்டில் மரக்கறியும் பழமும் 30 முதல் 40 சதவீதம் அறுவடைக்குப் பிறகு வீணாகின்றன என்று அதிகாரிகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதைக் குறைக்க 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடையில்தான் மரக்கறி ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. தம்புள்ளையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கூடை வாங்கக் காசில்லை, வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு யாருடையது, ஒரு லொறியில் ஏறும் அளவு குறைகிறதே என்றார்கள். சட்டம் தளர்ந்தது. நம் அபிப்பிராயத்தில் கூடை நல்ல யோசனைதான். ஆனால் செலவைக் கடைசி ஆளின் தலையில் கட்டிவிட்டு நல்ல யோசனை என்று சொல்வதில் நியாயமில்லை.

இன்னொரு மாற்றம் விதைக்குள் நடந்தது. நம் விவசாயத் திணைக்களம் முன்பு பரிந்துரைத்த இனங்களில் மாக்லோப், ரோமா என்பவை அமெரிக்காவிலிருந்து வந்தவை. மாக்லோப் அங்கே 1925 இல் வெளியானது. பிறகு நமது ஆய்வாளர்களே 'திலின' போன்ற இனங்களை உருவாக்கினார்கள். காரணம் பக்டீரியா வாடல் நோய். காலையில் செழிப்பாக நின்ற செடி மத்தியானம் துவண்டு கிடக்கும், இலை மஞ்சளாகக்கூட ஆகியிருக்காது. தண்டை வெட்டித் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிட்டால் பால் போல் நூலிழையாக வடியும். விவசாயப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்து பார்க்கலாம். இந்த நோயைத் தாங்குவது விவசாயிக்கு உயிர்ப் பிரச்சினை. அதற்குப் பிறகு தனியார் கலப்பின விதைகள் வந்தன, 'பத்மா' என்ற பெயரை நாவுலப் பக்கம் எந்த விவசாயியும் சொல்வார். நல்ல விளைச்சல், ஒரே அளவு, அடிபடாத தோல். ஆனால் கலப்பினத்திலிருந்து எடுத்த விதையைப் போட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. ஒவ்வொரு போகமும் கடைக்குப் போக வேண்டும்.

உலகம் முழுதும் இதே கதைதான். பழைய தக்காளி இனங்களில் காயின் மேற்பக்கம், காம்பைச் சுற்றி, கடும் பச்சையாக இருக்கும். பழுத்தாலும் அந்தத் தோள் கடைசியில்தான் சிவக்கும். சந்தைக்கு அது அழகில்லை என்று, முழுக்காயும் ஒரே மாதிரிப் பழுக்கும் செடிகளை 70 வருடங்களுக்கு மேலாகத் தெரிவு செய்து வளர்த்தார்கள். 2012 இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு, அந்த அழகுக்குக் கொடுத்த விலையைக் கண்டுபிடித்தது. அந்தக் கடும் பச்சையில்தான் காய் தானாகவும் கொஞ்சம் சீனி செய்துகொள்ளும் ஆற்றல் இருந்தது. பச்சைத் தோளோடு அதுவும் குறைந்துவிட்டது. 2017 இல் புளோரிடாப் பல்கலைக்கழகம் சார்ந்த குழு, ஏறக்குறைய 400 இனங்களை ஒப்பிட்டது. ருசிக்குக் காரணமான 13 பொருட்கள் புதிய இனங்களில் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று ருசியை அழிக்கவில்லை. விளைச்சலைப் பார்த்தார்கள், உறுதியைப் பார்த்தார்கள், நிறத்தைப் பார்த்தார்கள். ருசியை யாரும் பார்க்கவில்லை, அது சத்தமில்லாமல் போய்விட்டது.

விவசாயிக்காவது இதில் இலாபம் வந்ததா? தக்காளி ஒரே நேரத்தில் எல்லா வயலிலும் பழுத்தால் விலை விழுகிறது. பறிகூலிக்கும் லொறிக்கூலிக்கும் காணாது என்று வயலிலேயே விட்டுவிடுகிறார்கள். கொண்டுவந்ததை வீதியில் கொட்டிய படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்து, நவம்பரில் அதைத் திருப்பி எடுத்த அந்த ஆறு மாதத்தில் கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் கடனாளியாகி விவசாயத்தை விட்டவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் நம் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, ருசியான தக்காளி இப்போது எங்கே? சகோதரியின் கேள்விக்குக் கடைசியாக வந்துவிட்டோம். தூரம் போகாத இடத்தில் இருக்கிறது. சந்தைக்குப் பெரும் வயலில் போடும் விவசாயிகள் பலர் வீட்டுக் கிணற்றடியில் வேறு நாலு செடி வைத்திருப்பார்கள். அதைச் செடியிலேயே பழுக்கவிட்டுப் பறிப்பார்கள். வாராந்தப் பொலவில் பெரிய கடைகளைத் தாண்டி ஓரத்துக்குப் போங்கள். சாக்கு விரித்து ஐந்தாறு கிலோ மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கொஞ்சம் கீரை, இரண்டு பப்பாசி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாது, சிலது வெடித்திருக்கும். அதுதான். "எப்ப பறிச்சது, எந்த ஊர்?" என்று கேளுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், பெரிய கடையில் நாம் அப்படிப் பேசுவதில்லையே.

மூக்குக்கு வேலை கொடுங்கள். காம்பு இருந்த இடத்தில் முகர்ந்தால் தக்காளிச் செடியின் வாசம் வர வேண்டும். தோளில் பச்சைக் கீற்று இருந்தால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். மழை அடித்து ஓய்ந்த கிழமையின் தக்காளி தண்ணீராகத்தான் இருக்கும், வெயில் காய்ந்த சிறுபோகத்துத் தக்காளியே ருசி. மார்கழி, தையில் நக்கிள்ஸ் பக்கம் மழை பிடித்தால் கொறக்காவுக்குத் திரும்பிவிடுவது புத்தி.

ராத்தாமாருக்கு ஒரு வேண்டுகோள்: வாங்கியதைப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். 12 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் வாசனையைச் செய்யும் வேலையைத் தக்காளி நிறுத்திவிடுகிறது. ஒரு கிழமை குளிரில் கிடந்ததை வெளியே எடுத்து வைத்தாலும் போன வாசனை முழுதாகத் திரும்பாது என்று 2016 இல் ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். காம்புப் பக்கம் கீழே இருக்க, குசினியில் நிழலான இடத்தில் ஒற்றை வரிசையாக வையுங்கள். நாலு நாளைக்குள் முடியும் அளவு வாங்குங்கள்.

கீரை, போஞ்சி, இறுங்கு எதற்கும் இதே கணக்குத்தான். இறுங்குச் சோளம் பறித்த நேரத்திலிருந்து இனிப்பை இழக்கத் தொடங்கும். வீதியோரம் அவித்து விற்கும் சோளம் ருசிப்பதற்குக் காரணம், பின்னால் தெரியும் தோட்டத்தில்தான் அது காலையில் நின்றது.

ஒரு விடயம் பாக்கி. 'கொறக்காத் தக்காளி' என்று ஒன்று முன்பு இருந்தது. கொறக்காப் பழம் போல வரிவரியாகப் பிளந்த உருவம், தோல் மெல்லியது, புளிப்பு முன்னுக்கு நிற்கும். குசினிக் கழிவு கொட்டும் இடத்தில் தானே முளைத்து, வேலியில் ஏறிக் காய்க்கும். கன்னொருவையிலுள்ள மரபணு வள நிலையத்தில் நாட்டுப் பயிர்களின் விதைகளைக் குளிரில் பாதுகாக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் விதை குளிரில் மட்டும் இருந்தால் நம் ஆணத்துக்கு எப்படி வரும்? இந்தத் தக்காளி யாருடைய வளவிலாவது, லக்கலப் பக்கமோ யட்டவத்தைப் பக்கமோ, உங்கள் சிங்கள, தமிழ் அயலவர் வீட்டிலோ இன்னும் காய்க்கிறது என்றால் தயவு செய்து அறியத் தாருங்கள். நன்றாகப் பழுத்த இரண்டு பழம் போதும். விதையைச் சதையோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டுக் கழுவி, கடதாசியில் நிழலில் காயவைத்துத் தந்தால் இன்னும் நல்லது. பாடசாலைத் தோட்டத்தில் கிணற்றுப் பக்கம் ஒரு பாத்தி கொத்தி வைத்திருக்கிறோம், பெரும்போகத்து மழை ஓய்ந்ததும் நாற்று நடலாம் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.